தரையைத் தொட்ட கை

கேள்வி: சென்ற மாதம் தம்மம்பட்டியில் மரத்தில் செதுக்கிய இரண்டு புத்தர் சிலைகள் வாங்கினேன். ஒன்றில் வலது கை முழங்கால் மேல் படிந்து, விரல்கள் தரையைத் தொடுகின்றன. “கை கீழே இறங்கின சிலையை வீட்டில் வைத்தால் காசும் இறங்கிப் போயிடும்” என்கிறார் என் நாத்தனார். மகளுக்காக வாங்கிய இன்னொன்றில் கை உயர்ந்திருக்கிறது. பஸ் நெரிசலில் அதன் சுண்டுவிரல் நுனி உடைந்துவிட்டது. எந்தக் கைக்கு என்ன அர்த்தம்? மூளியான சிலையை வீட்டில் வைக்கலாமா?

— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் நாத்தனாரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கை எதையும் இறக்கவில்லை, சாட்சிக்கு ஆள் கூப்பிடுகிறது.

போதி மரத்தடியில் ஞானம் கிடைப்பதற்கு முந்தைய இரவு, மனத்தைக் கலைக்க வரும் மாரன் படையோடு வந்து வம்புக்கு நின்றான் என்கிறது பௌத்த மரபு. “இந்த ஆசனத்தில் உட்கார உனக்கு என்ன தகுதி? உனக்காகச் சொல்ல யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டான். அவன் பக்கம் சாட்சி சொல்ல ஒரு படையே இருந்தது. கௌதமர் தனி ஆள். வாய் திறக்காமல் வலது கையை இறக்கி மண்ணைத் தொட்டார்; பூமியே சாட்சி சொன்னது. இதுதான் பூமிஸ்பரிச முத்திரை. மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்கிற நமக்கு இதைப் பாடம் எடுத்து விளக்க வேண்டியதில்லை. புத்தகயை மகாபோதி கோயிலின் மூலச் சிலைக்கும் இதே கைதான். பர்மாவிலும் தாய்லாந்திலும் அதிகம் காணப்படுவதும் இதுவே.

சிலையைக் கையில் எடுத்து ஒரு தடவை பாருங்கள். விரல்கள் கீழ்நோக்கி, புறங்கை உங்களைப் பார்த்தபடி இருந்தால் அது பூமியைத் தொடும் கை. விரல்கள் கீழ்நோக்கியே இருந்து, உள்ளங்கை உங்களைப் பார்த்தால் அது வரதம், கொடுக்கிற கை. திருப்பதிப் பெருமாளின் வலது கையும் கீழ்நோக்கித்தான் இருக்கிறது. அங்கே காசு இறங்கிப் போனதாக யாரும் சொல்லக் கேள்வியில்லை.

உங்கள் மகளுக்கு வாங்கியது அபய முத்திரை. “பயப்படாதே” என்பது பொருள். புத்தரைப் பகைத்த தேவதத்தன் ராஜகிருகத் தெருவில் நாளாகிரி என்ற மதயானையை ஏவிவிட்டபோது புத்தர் அதை அடக்கிய கதையைச் சிற்பிகள் இந்தக் கையோடு சேர்த்துச் சொல்வார்கள். நடராஜரின் வலது கைகளில் ஒன்றும் இப்படி இருப்பதால், தமிழ்க் கண்ணுக்கு இது பழகிய கைதான். 1856 தொடங்கி நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் வெண்கலங்கள் 350-க்கும் மேல். அவற்றில் நின்ற கோலத்தில் உள்ள பலவற்றில் வலது கை அபயம் காட்டுகிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பாருங்கள்.

இன்னும் இரண்டு உண்டு. மார்புக்கு நேரே இரு கை விரல்களும் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல் கூடினால் தர்மசக்கர முத்திரை. சாரநாத்தில் செய்த முதல் உபதேசம் அது. மடியில் இடக் கை மேல் வலக் கை, உள்ளங்கைகள் மேல்நோக்கி இருந்தால் தியான முத்திரை. இந்தத் தியானக் கைக்கு உங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஆத்தூர் வட்டாரத்துத் தியாகனூரில் இரண்டு பெரிய கருங்கல் புத்தர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று பல காலம் வழிபடப்பட்ட சிலையின் கதை இன்னும் சுவையானது. 2011-இல் போடப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி தொல்லியல் துறை அதை ஆராய்ந்தது. தாமரைப் பீடம், சுருள்முடி, உச்சிமுடிச்சு, நீண்ட காது, மடியில் தியானக் கை. வெட்டுண்ட தலையைப் பின்னாளில் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். அது புத்தர் என்று 2022 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. நம் பக்கத்து முனியப்பன் கையில் அரிவாள் ஓங்கியிருக்கும். இவரோ கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆனால் கையை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடாதீர்கள். சமணத் தீர்த்தங்கரருக்கும் மடியில் இதே தியானக் கைதான். தலைக்கு மேல் முக்குடையும் ஆடையில்லாத உடலும் என்றால் தீர்த்தங்கரர். தோளில் சீவர (துறவாடை) மடிப்பும் உச்சிமுடிச்சும் என்றால் புத்தர். அதேபோல், தொப்பையோடு இரு கையையும் தூக்கிச் சிரிக்கிற ‘சிரிக்கும் புத்தர்’ கௌதமரே அல்ல. சீனத்துத் துறவி ஒருவர். ‘இந்தக் கைக்குப் பணம் வரும், அந்தக் கைக்குப் போகும்’ என்பதெல்லாம் கடைக்காரர் ஒட்டிய சீட்டு. முத்திரை பலன் சொல்வதில்லை. கதையின் எந்த நொடி இது என்று மட்டும் சொல்கிறது.

இனி உடைந்த விரல். குற்றம் பஸ்ஸின் மேல் மட்டுமில்லை, மரத்தின் மேலும் உண்டு. மரம் நார் ஓடும் திசையில் வலுவானது, குறுக்கே போனால் ஒடியும். பூமியைத் தொடும் கை முழங்காலோடு ஒட்டியே இருப்பதால் ஒரே கட்டையில் அடங்கி, பத்திரமாகத் தப்பிக்கிறது. உயர்த்திய கையோ கட்டையை விட்டு முன்னால் நீள்கிறது. நார் குறுக்கே ஓடினால் விரல் பட்டென்று போய்விடும். அதனால்தான் பெரிய சிலைகளில் முன்கையைத் தனியாகச் செதுக்கி முளை வைத்துப் பொருத்துவது உண்டு. ஜப்பானியச் சிற்பி ஜோச்சோ 1053-இல் பியோதோ-இன் கோயிலுக்குச் செய்த அமிதா புத்தர், பல மரத்துண்டுகளை இணைத்துச் செய்தது. பழைய கல்சிலைகள் சிலவற்றில் விரல்களுக்கு இடையே வாத்துக் காலைப்போல் மெல்லிய சவ்வு இருக்கும். புத்தருக்குச் சொல்லப்படும் மகாபுருஷ லட்சணங்களில் ஒன்று அது. விரல் ஒடியாமலிருக்கச் சிற்பி விட்டுவைத்த கல்லே பிறகு லட்சணமாயிற்று என்று கலை வரலாற்றாளர் சிலர் சொல்வதும் உண்டு.

மூளி என்று ஒதுக்க வேண்டியதில்லை. கியோத்தோ கோரியூஜி கோயிலில் கன்னத்தருகே விரல் வைத்துச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் மைத்ரேயர் (வருங்காலப் புத்தர்), செம்பைன் மரச் சிலை. 1960-இல் ஒரு கல்லூரி மாணவர் கைபட்டு அதன் மோதிர விரல் ஒடிந்தது. துண்டை எடுத்து ஒட்டினார்கள். கும்பிடுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். உங்களிடம் அந்த நுனி இருந்தால் பத்திரப்படுத்தி, அடுத்த முறை தம்மம்பட்டி போகும்போது சிலையோடு கொண்டுபோங்கள். நூல் கனத்தில் மூங்கில் முளை வைத்துப் பெவிக்கால் போட்டு ஒட்டித் தருவார்கள். நுனி தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். தலையே வெட்டுப்பட்ட பிறகும் பெரியேரிப் புத்தரை மடியில் கிடந்த கை காட்டிக் கொடுத்தது. சுண்டுவிரல் நுனி போனதால் உங்கள் மகளுக்கு அபயம் ஒன்றும் குறைந்துவிடாது.

நாத்தனார் அதற்கும் சமாதானமாகவில்லை என்றால், ஊர்க் கோட்டையடிக்கு அழைத்துப் போய் 18 அடி ஆஞ்சநேயரைக் காட்டுங்கள். அவர் கை குவித்து நிற்கிறாரே, அதுவும் ஒரு முத்திரைதான்: அஞ்சலி. அந்தக் கைக்கு என்ன பலன் என்று நாமக்கல்லில் யாரும் கேட்டதில்லை. எதிரே நரசிம்மர் இருக்கிறார், கும்பிடுகிறார், அவ்வளவுதான்.