கண்ணை மூடினால் தெரியும்

‘நிமிர்ந்து நில்லு’ என்று யாராவது சொன்னால் உடனே மூச்சைப் பிடித்து, நெஞ்சைத் தள்ளி, தோளைப் பின்னால் இழுத்துக்கொள்கிறோம். குரூப் போட்டோ எடுத்து முடிகிறவரை தாங்கும். பிறகு பழைய கூனல். விறைப்புதான் நிமிர்வு என்று பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் காலத்திலிருந்து நம்பிவருகிறோம். அறுபது வயதுக்கு மேல் இந்த நம்பிக்கை வம்பில் மாட்டிவிடும். அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு கணுக்காலிலிருந்து மெல்ல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தை நொடிக்கு நொடி சரிசெய்வதற்குப் பெயர்தான் நிற்பது. டவுன் பஸ்ஸில் முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்பவரையும், லேசாகத் தளர்த்தி நின்று டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரையும் பாருங்கள். பிரேக் போட்டால் சாய்கிறவர் யார்?

“வயசானா கால்ல பலம் போயிடும், அதான் விழறாங்க.” இது பாதி உண்மை. பலம் குறைவது நிஜம்தான். ஆனால் நம்மை நிற்கவைப்பதில் கண்ணுக்குப் பங்கு உண்டு, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குப் பங்கு உண்டு. மூன்றாவது பங்கு, உள்ளங்காலும் மூட்டும் தசையும் மூளைக்கு ஓயாமல் அனுப்பும் தகவலுக்கு. இருட்டிலும் கை மூக்கைத் தவறாமல் தொடுவது அதனால்தான். 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர், தண்டுவடம் பாதித்த சிலர் கண்ணைத் திறந்திருக்கும்வரை நிற்பதையும், மூடியதும் தள்ளாடுவதையும் எழுதிவைத்தார். காலிலிருந்து தகவல் நின்றுபோயிருந்தது; அதுவரை கண்தான் முட்டுக்கொடுத்திருக்கிறது. இன்றும் நரம்பு டாக்டர் பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்வது அவர் பெயரில் வழங்கும் சோதனை.

என் அம்மா இதை எந்த டாக்டரிடமும் போகாமல் தெரிந்துகொண்டார். முகத்தில் சோப்பு போட்டதும் இடது கை தானாகக் குழாயைத் தேடிப் போகிறது என்றார். அவருக்கு இருபது வருஷச் சர்க்கரை. நாள்பட்ட சர்க்கரை பாதத்து நரம்பைத்தான் பெரும்பாலும் முதலில் பிடிக்கும். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

“தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறேனே, போதாதா?” இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் 2019-ல் வெளியான காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, 23,000 பேருக்கு மேல் பங்கேற்ற 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சியால் விழுவது ஏறத்தாழ 23 சதவீதம் குறைகிறது. அதில் உறுதியான பலன் தெரிந்தது சமநிலைப் பயிற்சியிலும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியிலும்தான். வெறும் நடையைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சமநிலைப் பயிற்சி என்றால் ஒற்றைக் காலில் நிற்பதும் உண்டு; அதற்கு வருவோம். பிரேசிலில் 51 முதல் 75 வயதுக்குட்பட்ட 1,702 பேரைப் பத்து விநாடி அப்படி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்துவந்த ஆண்டுகளில் இறப்பு அவர்களிடையே அதிகம் என்று 2022-ல் வெளியானதும் வாட்ஸாப்பில் ‘ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும்’ என்று கிளம்பிவிட்டது. தெர்மாமீட்டரை உதறினால் காய்ச்சல் இறங்குமா?

ஆனாலும் நிற்கலாம், வேறு லாபத்துக்காக. சமையல் மேடைக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது. எடை குதிகாலில் விழுகிறதா, பெருவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா என்று கவனியுங்கள். ஒரு காலை எடுத்ததும், நிற்கும் காலின் புறங்காலில் தசைநாண்கள் வீணைத் தந்தி மாதிரி துடிக்கும். பயப்பட வேண்டாம், அதுதான் வேலை நடக்கும் இடம். தள்ளாடினால் ஒரு விரல் நுனியால் மேடையைத் தொடுங்கள்; ஆட்டம் குறைந்துவிடும். அந்த விரல் எடையைத் தாங்குவதில்லை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்கிறது. அம்மாவின் இடது கை தேடியதும் அதைத்தான்.

கூன் வயதோடு வரும் என்று விட்டுவிடுவதும் தவறு. உயரம் குறைந்துகொண்டே வந்தால் முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். எழுந்ததும் கிறுகிறுத்தால் பி.பி. மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்.

“ஒரு தடவை விழுந்தாச்சு, இனிமே உட்கார்ந்தே இருங்க.” பிள்ளைகள் பாசத்தில் சொல்வது. உட்கார உட்காரத் தொடை வற்றும், பயம் வளரும். கூட நடக்கும்போது அவர் முழங்கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

ஸ்வீடனில் முதியோர் இல்லம் ஒன்றில் 58 பேரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்து பார்த்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். 1997-ல் ‘லான்செட்’ இதழில் வந்த சிறு குறிப்பு. படித்த அன்று சாயங்காலம் அம்மாவோடு தெருமுனைவரை போனேன். காபிப்பொடி இருக்கா, வாங்கணுமா என்று சும்மாக் கேட்டேன். நின்றார். யோசித்தார். “கால் கிலோ வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடியை வைத்தார்.