இரு பெயர் தாங்கிய வெள்ளி

பழங்காசு ஒன்று கையில் கிடைத்தால், அது யார் பெயரால் அடிக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். தம் பெயரால் நாணயம் அடிப்பது முற்காலத்தில் ஆட்சியுரிமையின் அடையாளம்.

பெரும்பாலான நாணயங்களில் ஒருவர் பெயரே இருக்கும். இங்கிலாந்தில் 1689 முதல் 1694 வரை வெளிவந்த வெள்ளி நாணயங்களிலோ இரண்டு முகங்கள் உள்ளன. மூன்றாம் வில்லியமும் அவர் மனைவி இரண்டாம் மேரியும் இணைந்து முடிசூடியவர்கள். ஆகவே அரசர் முகம் முன்னும், அதை ஒட்டி அரசியார் முகம் பின்னுமாகப் பொறித்தனர். 1694 டிசம்பரில் மேரி பெரியம்மையால் இறந்தார். அதன்பின் வில்லியம் முகம் மட்டுமே. ஆறே ஆண்டுகளுக்குரிய அந்த இரட்டை முகங்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடுகின்றனர்.

அவ்விருவர் பெயரும் நம் நாட்டு வெள்ளியிலும் ஏறின. 1668 முதல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்த பம்பாயில், நாணயம் அடிக்க 1676இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் உரிமை வழங்கினார். 1690களில் அங்கு அடித்த ரூபாயில் முகம் ஏதுமில்லை. மக்களுக்குப் பழகிய முகலாய ரூபாயைப் போலவே பாரசீக எழுத்துகள் இருந்தன. படிக்கத் தெரிந்தவருக்கே வேறுபாடு புலப்படும்: ஔரங்கசீப்பின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வில்லியம், மேரி பெயர்கள்! வணிகம் செய்ய வந்தவர் இப்படிச் செய்தால் பேரரசர் பொறுப்பாரா? ஆங்கிலேயர் மீது முகலாயர் சாற்றிய குற்றங்களுள் இதுவும் ஒன்று என வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியுள்ளார். பின்னர், 1717இல் பேரரசர் பரூக்சியர் இசைவளித்தபின், கம்பெனி முகலாயர் பெயராலேயே அங்கு ரூபாய் அடித்தது.

நம் பெங்களூரும் அக்காலத்தில்தான் கைமாறியது. 1687இல் முகலாயர் கைப்பற்றிய இவ்வூரை, சில ஆண்டுகளில் மைசூர் மன்னர் சிக்கதேவராச உடையார் மூன்று இலட்சம் ரூபாய் கொடுத்துப் பெற்றார் என்பர்.

வில்லியம், மேரி நாணயம் நம் வீடுகளில் கிடைப்பது அரிது. ஆனால், ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டியின் பெட்டியில் விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று இருக்கலாம். கறுத்திருந்தாலும் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து மழுங்கும், மதிப்பும் குறையும். விளிம்பைப் பிடித்து, பெயரை அடுத்துள்ள சொல்லைப் படியுங்கள். ‘அரசி’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் இருந்தால் அது 1876 வரையிலானது. ‘பேரரசி’ என்றால் 1877 முதல் வந்தது.

அருஞ்சொற்பொருள்: சாற்றிய – சுமத்திய, இசைவு – ஒப்புதல், மழுங்கும் – கூர்மை குறையும்.

வினாக்கள்
1. பம்பாய் ரூபாய் முகலாயருக்குச் சினமூட்டியது ஏன்?
2. உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய நாணயத்தில் யார் பெயர் உள்ளது? அது வீட்டுக்கு வந்த கதையைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.