கைப்பட்டையில் அடங்கும் காசு: கேளிக்கைப் பூங்காக்களில் மின்னணு முன்பணம்

பெங்களூர் மாநகரின் கிழக்கே அமைந்த தொம்மலூரில், காலை ஒன்பது மணியளவில் பேருந்து நிலையத்திலிருந்து வெளிவரும் இளைஞர் பலரின் கழுத்தில் ஓர் அட்டை தொங்குவதைக் காணலாம். அதைக் காட்டினால் அலுவலகக் கதவு திறக்கும். சில அலுவலகங்களில் உணவுக்கூடத்திலும் அதையே காட்டிச் சிற்றுண்டிக்கு விலை செலுத்துகின்றனர். உள்ளே நுழையும் உரிமையும் பொருள் வாங்கும் ஆற்றலும் இவ்வாறு ஒரே அட்டையில் இணைந்துவிட்டன. இந்த ஏற்பாடு கழுத்திலிருந்து மணிக்கட்டுக்கு இடம் பெயர்ந்ததே, கேளிக்கைப் பூங்காக்களிலும் அவற்றைச் சார்ந்த விடுதிகளிலும் இன்று வழங்கும் மின்னணுக் கைப்பட்டையாகும்.

தெருவோர இளநீர்க் கடையிலும் கைப்பேசி வழியே பணம் செலுத்தும் நாட்டில் இதற்குத் தனியே ஒரு பட்டை எதற்கு என்ற வினா எழுவது இயல்பு. விடை எளியது: தண்ணீர். பெங்களூர்–மைசூர்ச் சாலையில் பிடதிக்கு அருகே 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வொண்டர்லா போன்ற பூங்காக்களில் நீர் விளையாட்டுகளுக்குப் பெரும் பங்குண்டு. அலைக்குளத்தில் இறங்குபவர் கைப்பேசியையும் பணப்பையையும் பூட்டறையில் வைத்துவிட்டே செல்ல வேண்டும். நனைந்த உடையுடன் தேநீர் வாங்க வருபவருக்கு நீர் புகாத பட்டை உண்மையிலேயே ஒரு வசதி. அவ்வசதியின் விலை என்ன, அதை யார் செலுத்துகின்றனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பட்டை இயங்கும் முறை

பட்டைக்குள் சிறு மின்னணுச் சில்லு ஒன்றும் அதனுடன் இணைந்த கம்பிச்சுருளும் உள்ளன. பெரும்பாலானவற்றில் மின்கலம் கிடையாது. படிப்புக் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உண்டாக்கும் காந்தப்புலம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்ட, அவ்வாற்றலைக் கொண்டே சில்லு தன் எண்ணைத் தெரிவிக்கிறது. சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே இது நிகழும். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் இதே குடும்பத்தைச் சேர்ந்ததெனினும், உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால் பல மீட்டர் தொலைவிலிருந்தும் படிக்கப்படுகிறது.

பணம் பட்டைக்குள் இருக்கிறதா என்றால், பொதுவாக இல்லை. பட்டையில் இருப்பது எண். இருப்புத் தொகை பூங்காவின் கணினிக் கணக்கில் நிற்கும். சில்லிலேயே இருப்பைப் பதிந்துவைக்கும் முறையும் உண்டு. ஆனால் உலகெங்கும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் என்னும் சில்லு வகையின் மறைகுறியீட்டை 2008ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் உடைத்துக்காட்டிய பின், அத்தகைய பழைய சில்லில் பணத்தை நம்பி வைப்பது அறிவுடைமையாகாது.

சீட்டுப் புத்தகத்திலிருந்து பட்டை வரை

பொருளாதார மாணவர்களுக்கு இத்துறை புதிதன்று. கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்து 1955ஆம் ஆண்டு முதல் 1982 வரை, நுழைவுக் கட்டணத்துடன் ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் இராட்டினத்துக்கும் தனித்தனிச் சீட்டுகள் கொண்ட புத்தகங்களை விற்றது. இதனை எடுத்துக்காட்டாகக் கொண்டே வால்ட்டர் ஓய் என்னும் பொருளியலறிஞர் 1971இல் இரு கூற்றுக் கட்டணம் பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். வாயிலில் ஒரு தொகையும் ஒவ்வொரு நுகர்வுக்கும் ஒரு தொகையுமாக விலையைப் பிரிக்கும் தனியுரிமையாளர், நுகர்வோர் உபரியின் பெரும்பகுதியை வாயிலிலேயே பெற்றுவிட இயலும் என்பது அதன் சாரம். ஒவ்வோர் இராட்டினத்திலும் சீட்டு வாங்கிக் கிழிக்க ஆள் வேண்டும். அதற்குச் செலவு உண்டு. ஒரே கட்டண முறைக்குப் பூங்காக்கள் மாறியதற்கு இச்செலவும் ஒரு காரணம் எனலாம்.

மின்னணுப் பட்டை அச்செலவை ஏறத்தாழ இல்லாமற் செய்துவிட்டது. ஆகவே சிறு சிறு கட்டணங்கள் மீண்டும் தலைதூக்குகின்றன. வரிசையில் நில்லாமல் முந்திச் செல்ல ஒரு விலை, பூட்டறைக்கு ஒரு விலை, நிழற்படத்துக்கு ஒரு விலை. கையை நீட்டினால் போதும் என்பதால் ஒவ்வொன்றும் கண்ணுக்குச் சிறிதாகவே தோன்றும். அட்டையால் செலுத்துவோர் ரொக்கம் கொடுப்போரைவிட மிகுதியாக விலை கூறுகின்றனர் என்பதை, விளையாட்டுப் போட்டிச் சீட்டுகளை ஏலம் விட்டுப் பிரெலெக், சிமெஸ்டர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். இந்த உளப்பாங்கு பழையதே. 1950இல் தோன்றிய கிளப் மெடிட்டரானே என்னும் பிரெஞ்சு விடுதி நிறுவனம், பணப்பை சுமக்க விரும்பாத விருந்தினருக்குக் கழுத்தில் அணியும் மணிகளை விற்றது. பானத்துக்கு விலை அம்மணிகள்.

இத்துறையின் மிகப் பெரிய முயற்சி 2013இல் புளோரிடாவிலுள்ள டிஸ்னி வளாகத்தில் அறிமுகமான மேஜிக்பேண்ட். அறைக் கதவு, பூங்கா வாயில், கடை அனைத்துக்கும் அதுவே திறவுகோல். திட்டம் முழுமைக்கும் ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவானதாகச் செய்திகள் வெளிவந்தன. எனினும் விடுதி விருந்தினருக்குப் பட்டையை இலவசமாக வழங்கும் வழக்கம் 2021இல் நிறுத்தப்பட்டது. அதன் பணிகள் பலவற்றைக் கைப்பேசியே செய்யத் தொடங்கிவிட்டது. பெருமுதலீட்டில் இதனைப் பின்பற்ற நினைப்போர் இதைக் கருதிப் பார்ப்பது நன்று.

மீதிப் பணம் யாருடையது?

முன்பணம் என்பது வட்டியில்லாக் கடன்; கொடுப்பவர் நுகர்வோர், பெறுபவர் பூங்கா. மாலையில் வெளியேறும்போது செலவாகாத மீதி இன்னொரு வருவாய். ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். நாள்தோறும் 4,000 பேர் வரும் பூங்காவில் நால்வரில் ஒருவர் ரூ.60 மீதியைத் திரும்பப் பெறாமல் செல்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ரூ.60,000, முந்நூறு நாட்களுக்கு ரூ.1 கோடியே 80 இலட்சம். எவரும் அறுபது ரூபாய்க்காக வழக்காடப் போவதில்லை. வேறோர் ஊரில் இக்கட்டுரையாளரும் அவ்வாறே எண்பத்தைந்து ரூபாயை விட்டு வந்ததுண்டு. மீதி தரும் சாளரம் வெளிவாயிலுக்கு எதிர்க்கோடியில் இருந்தது. தோளில் உறங்கிய பேரக்குழந்தையுடன் அந்த வரிசையில் நிற்க மனம் ஒப்பவில்லை.

சட்டத்தின் நிலை கவனிக்கத்தக்கது. முன்பணக் கருவிகளைப் பற்றிய ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு ஆணைகள், வழங்கிய நிறுவனத்திடமே பொருளும் சேவையும் வாங்கப் பயன்படும் கருவியை மூடிய வகை என்கின்றன. அதற்கு வங்கியின் அனுமதி தேவையில்லை. அனுமதி பெற்று இயங்கும் பிற வகைகளுக்கு ஓராண்டேனும் செல்லுபடிக் காலம் வேண்டும். காலங்கடந்த பின்னும் மீதியை உரியவர் பெறலாம். இக்காப்பு மூடிய வகைக்கு எட்டுவதில்லை. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பூங்காவினுள் உள்ள உணவுக் கடைகள் குத்தகைக்கு எடுத்த வேற்று நிறுவனத்தாருடையவையாக இருந்து, பட்டையிலுள்ள பணம் அவர்களுக்குச் சேருமாயின், அக்கருவி மூடிய வகைதானா? மூன்றாம் தரப்பினருக்குரிய தொகையைத் தீர்க்க மூடிய வகையைப் பயன்படுத்தலாகாது என அவ்வாணைகளே கூறுகின்றன. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் முதலில் கேட்க வேண்டியவை இக்கடைகளின் குத்தகைப் பத்திரங்களே.

‘மீதி திருப்பித் தரப்படமாட்டாது’ என்னும் நிபந்தனையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுத்த நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கோணத்தில் எதிர்க்க வழியுண்டு. தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தொடரும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிப்பிடும் கோயிற் கல்வெட்டுகள், எந்த வருவாய் எவரால் இறைவனுக்கு விடப்பட்டது என்பதை வழிபட வருவோர் அனைவரும் காணுமாறு கல்லில் வைத்தன. பட்டையின் நிபந்தனைகளோ சீட்டின் பின்புறத்தில் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் உள்ளன.

குழந்தையின் மணிக்கட்டில்

பூங்காவுக்கு வருவோரில் சிறுவர் பலர். கூட்டத்தில் பிரிந்த குழந்தையைக் கண்டுபிடிக்கப் பட்டை உதவும் என்பதை எந்தப் பெற்றோரும் மறுக்கமாட்டார். அதே பட்டை, குழந்தை எந்த இராட்டினத்தில் எத்தனை முறை ஏறியது, எப்போது பனிக்கூழ் வாங்கியது என்பனவற்றையும் பதிவு செய்யக்கூடும். மேஜிக்பேண்ட் அறிமுகமானபோது, 2013 ஜனவரியில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் எட்வர்ட் மார்க்கி இதுபற்றியே விளக்கம் கேட்டு எழுதினார். நமது 2023ஆம் ஆண்டு தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயது நிரம்பாதோர் அனைவரும் குழந்தைகளே. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட இசைவு வேண்டும். அவர்களைப் பின்தொடர்தலும் நடத்தையைக் கண்காணித்தலும் கூடா. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. பெயரோ தொலைபேசி எண்ணோ இணைக்கப்படாத வெறும் எண் பட்டை எனில் இச்சிக்கல் பெரிதும் குறையும். வாயிலில் கைப்பேசி எண் கேட்பதைப் பூங்காக்கள் எளிதில் கைவிடா.

மாற்று வழி ஒன்று உள்ளது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி, கணக்குடன் இணைந்து ரூபே வழியே பணம் செலுத்தும் சாவிக்கொத்தை 2022இல் அறிமுகப்படுத்தியது. இத்தகைய தொட்டுச் செலுத்தும் கருவிகளில் ரூ.5,000 வரை இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. செலவிடும் நொடி வரை பணம் உரியவரின் கணக்கிலேயே இருக்கும். பூங்காவிடம் மீதி என்ற பேச்சே எழாது. இதிலும் இடரில்லாமல் இல்லை. ஐந்நூறு ரூபாய் ஏற்றிய பூங்காப் பட்டை அலைக்குளத்தில் நழுவினால் இழப்பு ஐந்நூறோடு நின்றுவிடும். வங்கிக் கணக்குடன் பிணைந்த சாவிக்கொத்து நழுவினால், கரையேறிப் பூட்டறையைத் திறந்து, கைப்பேசியை எடுத்து வங்கிக்குச் சொல்லி முடிக்கும்வரை கணக்கு திறந்தே இருக்கும்.