வெற்றிடம் எழுத்தா, வெறுமையா?

"உப்பளந்தான்" என்று ஒரு தாளில் எழுதி, எங்கள் மரக்காணத்தார் இருவரிடம் காட்டுங்கள். உப்பு அளந்தான் என்பார் ஒருவர். உப்பளம்தான் என்பார் மற்றவர். இருவர் கூற்றும் சரியே. ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்தின் மேல் புள்ளியும் இல்லை. பதம் பிரித்துப் பொருள் காணும் பொறுப்பு படிப்பவருடையதாயிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் பட்ட பாடுகளுள் இதுவும் ஒன்று.

இன்று நமக்காகப் படிப்பது கணினி. அதற்கு ஊகம் தெரியாது, விதி வேண்டும். அவ்விதியாவது தெளிவாக உள்ளதா என்பதே என் கேள்வி.

உரையை அடையாளக் குறிகளுக்கிடையே வைத்து எழுதும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியின் விதிநூல் 1998 பிப்ரவரியில் வெளியாயிற்று. இடைவெளி, தாவல், இருவகை வரிமுடிவு ஆகிய நான்கையே அது வெற்றிடம் என ஏற்கிறது. இதன் தாய்மொழியான எஸ்.ஜி.எம்.எல். (1986), தொடக்கக் குறியை அடுத்து வரும் வரிமுடிவைத் தள்ளிவிடச் சொல்லிற்று. எக்ஸ்.எம்.எல். அதைக் கைவிட்டு, குறியல்லாத அனைத்தையும் நிரலிடம் அப்படியே ஒப்படைக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அழகுக்காக நாம் விட்ட இடம் எது, பொருளுக்காக விட்ட இடம் எது? இதைச் சொல்ல 'காப்பாற்று', 'இயல்பு' என இரு குறிப்புகள் தந்திருக்கிறார்கள். 'இயல்பு' என்றால் அந்தந்த நிரலின் வழக்கப்படி என்று பொருள்! பந்தியில் "உப்பு எவ்வளவு?" என்று கேட்டவனுக்கு "வழக்கம்போல" என்று விடை சொன்ன கதைதான்.

இதைவிடச் சிக்கலானது ஒன்றுண்டு. குறிக்குள் எழுதும் பண்பு மதிப்பில் இரண்டு இடைவெளி விட்டால், அப்பண்பு சாதாரண உரை வகையாயின் இரண்டும் நிற்கும். வேறு வகையாக அறிவிக்கப்பட்டிருந்தால் ஓரங்கள் வெட்டப்பட்டு, நடுவில் ஒன்றே மிஞ்சும். அந்த அறிவிப்பு தனிக் கோப்பில் இருந்துவிட்டால், சரிபார்க்கும் நிரல் அதைப் படித்தே தீர வேண்டும். சரிபார்க்காத நிரலோ படிக்காமலும் விடலாம். ஆக, ஒரே ஆவணத்திற்கு இரண்டு மதிப்புகள். இரண்டும் விதிப்படி சரி!

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். என் முன்னெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே ஒரு சான்றிதழில் இடைவெளி உண்டு, மற்றொன்றில் இல்லை. இரண்டும் வெவ்வேறு ஆள்கள் என்று கணினி சொன்னதால் என் உதவித்தொகை விண்ணப்பம் திரும்பிவந்தது. உப்பளக் கூலியில் படிக்கவைக்கும் என் தந்தையார், "புள்ளிக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே, அதுல என்னப்பா தப்பு?" என்றார். பாத்திகளுக்கு நடுவே வரப்பு இருப்பதைச் சொன்னேன். வரப்பில் உப்பு விளையாது. அது இல்லையேல் பாத்தியே இல்லை. உடனே புரிந்துகொண்டார்.

தமிழுக்கென்று தனித்தொல்லையும் உண்டு. நம் அச்சுநூல்களில் வரி முடியுமிடத்தில் சொல்லை ஒட்டுக்குறியின்றியே முறிப்பது வழக்கம். "உப்ப" இந்த வரியில், "ளந்தான்" அடுத்த வரியில். அதை வரிக்கு வரி தட்டச்சு செய்து வலைப்பக்கமாக்கினால், வரிமுடிவை இடைவெளியாகக் காட்டுவதே உலாவியின் வழக்கமாதலால், சொல் இரண்டாகிவிடுகிறது, தேடினாலும் அகப்படாது. 1999இல் வந்த எச்.டி.எம்.எல். 4.01 விதிநூல் தாய், சீனம், ஜப்பானியம் ஆகியவற்றின் சொல்லிடைவெளி ஆங்கிலம் போன்றதன்று என ஒப்புக்கொள்கிறது. தமிழுக்கு இடைவெளி உண்டென்பதால் நம்மை ஆங்கிலத்தோடு சேர்த்துவிட்டார்கள் போலும்.

முன்னெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே 'முறியா இடைவெளி' இடலாமே என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். இட்டால் வரி முறியாது; ஆனால் எக்ஸ்.எம்.எல். கணக்கில் அது வெற்றிடமே அன்று, வேறோர் எழுத்து. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயர் அப்போது மூன்று விதமாகிவிடும். ஒரே கோப்பை இருவகை நிரலிலும் இட்டு வேறுபாட்டைக் காண விரும்பும் நண்பர்கள், மாலையில் கணினி ஆய்வகத்துக்கு வந்தால் காட்டுகிறேன்.