சப்பாத்திக்குப் பழகிய கை

கேள்வி: என் மகள் டெக்ஸாஸில் இருக்கிறாள். போன நவம்பரில் நான் அங்கே இருந்தபோது தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு 'பம்ப்கின் பை' செய்தாள். உள்ளே இருந்த பூரணத்தைவிட, பொரபொரவென்று உதிர்ந்த அந்த க்ரஸ்ட்தான் எனக்குப் பிடித்தது. அங்கே அது கடையிலேயே உறையவைத்துக் கிடைக்கிறது. மதுரைக்குத் திரும்பியதும் நானே செய்து பார்த்தேன். மைதாவில் வெண்ணெயும் உப்பும் போட்டு, சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் வைத்து, தேய்த்துத் தட்டில் பரப்பினேன். ஓவனில் வைத்ததும் ஓரமெல்லாம் சரிந்துவிட்டது. வெந்தபின் கடிக்கவே முடியவில்லை; அடிப்பாகம் மட்டும் பச்சை மாவாகவே இருந்தது. எங்கே தவறு? வெண்ணெய்க்குப் பதில் நெய்யோ டால்டாவோ போடலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது அம்மா. சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி நன்றாகப் பிசைந்தேன் என்கிறீர்களே, அதுதான். சப்பாத்திக்குப் பழகிய கை எல்லா மாவையும் அப்படித்தான் நடத்தும். பை மாவைப் பிசையவே கூடாது.

மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள், க்ளையடினும் க்ளூட்டெனினும், பின்னிக்கொண்டு க்ளூட்டன் ஆகின்றன. பிசையப் பிசைய அந்தப் பின்னல் வலுக்கும். பரோட்டா மாஸ்டர் வீசுகிற மாவு கிழியாமல் விரிவது அதனால்தான். அதே வலுதான் உங்கள் க்ரஸ்ட்டைக் கடிக்க முடியாமல் செய்தது. இழுத்துப் பரப்பிய மாவு சூட்டில் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். கூடவே வெண்ணெயும் இளகியிருந்தால், ஓரம் சரியாமல் என்ன செய்யும்?

க்ரஸ்ட் பொரபொரவென்று வருவது வெண்ணெயால். வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் போலத் தண்ணீர். மாவுக்குள் வெண்ணெய் கட்டியாகவே, தட்டையான சிறு துண்டுகளாக இருக்க வேண்டும். சூடான ஓவனுக்குள் போனதும் அந்தத் துண்டு உருகும், அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி மேலே இருக்கும் மாவைத் தூக்கும், நடுவில் இடைவெளி விழும். இப்படி நூறு இடத்தில் நடந்தால்தான் ஏடு ஏடாகப் பிரியும். பிசைந்து வெண்ணெயை மாவோடு ஒன்றாக்கிவிட்டால் தூக்குவதற்கு எதுவுமே மிஞ்சாது. (பேக்கரி பப்ஸ் வேறு வகை. அதில் மாவையும் கொழுப்பையும் மடித்து மடித்துத் தேய்ப்பார்கள். வீட்டில் பை அதைவிடச் சுலபம்.)

நம் ஊரில் உண்மையான எதிரி வெயில். வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். 35 டிகிரி வாக்கில் முழுக்க உருகிவிடும். மே மாத மதுரைச் சமையலறைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே அதிகாலையில், அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். வெண்ணெயை மட்டுமல்ல, மைதாவையும் கலக்கும் பாத்திரத்தையும்கூட முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எந்தக் கட்டத்திலாவது மாவு விரலில் பிசுக்கென்று ஒட்டினால், கூட மாவு தூவாதீர்கள். அப்படியே தூக்கி ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் வையுங்கள். பை செய்வதில் பாதி வேலை ஃப்ரிட்ஜுடையது.

அளவு: எடைக் கணக்கில் மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு தண்ணீர். 9 அங்குலத் தட்டுக்கு 200 கிராம் மைதா, 130 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 50 முதல் 65 மில்லி ஐஸ் தண்ணீர். கடையில் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேற்கொண்டு வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் அரை டீஸ்பூன் உப்பு.

வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் நசுக்குங்கள். உள்ளங்கைச் சூடு படக் கூடாது. துண்டுகள் பட்டாணி அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கை சூடு அதிகம் என்கிறவர்கள் உறைந்த வெண்ணெயைக் காய்த்துருவியில் துருவிப் போடலாம், நன்றாகவே வரும். பிறகு தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகத் தெளித்து, முள்கரண்டியால் கிளறுங்கள். இங்கே உங்கள் பழைய அனுபவம் கைகொடுக்கும்: புட்டு மாவுக்குப் பார்க்கிற அதே பதம், பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உதிரியாக இருக்கிறதே என்று பயந்து தண்ணீர் சேர்ப்பவர்கள்தான் அதிகம். அழுத்திச் சேர்த்து, வட்டமாகத் தட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃப்ரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம். அதற்குள் ஈரம் பரவி மாவு தானே சேர்ந்துகொள்ளும், பின்னலும் தளரும்.

அமெரிக்காவில் 2007-ல் குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற சமையல் இதழுக்காக கெஞ்சி லோபஸ்-ஆல்ட் பாதித் தண்ணீருக்குப் பதில் வோட்கா ஊற்றும் முறையைக் கொண்டுவந்தார். சாராயத்தில் க்ளூட்டன் உருவாகாது, ஆகவே மாவு இளகலாக இருந்தாலும் க்ரஸ்ட் கெட்டியாகாது. உண்மைதான். அதற்காக டாஸ்மாக் வாசலில் நிற்க வேண்டியதில்லை. தண்ணீரை அளந்து ஊற்றினாலே போதும்.

தேய்க்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, கால் வட்டம் திருப்பித் திருப்பி, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு. மாவில் வெண்ணெய்த் திட்டுகள் தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தட்டில் போடும்போது இழுக்காதீர்கள். தளர விட்டு மூலையில் அழுத்துங்கள். ஓரத்தில் மிஞ்சுவதை உள்பக்கமாக மடித்து நிறுத்தி, முள்கரண்டியால் அடியில் குத்தி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். அலுமினியத் தட்டு நல்லது. கண்ணாடித் தட்டை ஃப்ரீசரிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் வைக்கவே கூடாது, வெடித்துவிடும்.

அடிப்பாகம் வேகாததற்கு வருவோம். பம்ப்கின் பையின் பூரணம் முட்டையும் பாலும் கலந்த நீர்த்த கலவை. அதைப் பச்சை மாவில் ஊற்றினால் அடி ஊறத்தான் செய்யும். க்ரஸ்ட்டைத் தனியாக முன்கூட்டியே வேகவைத்துவிட வேண்டும். பட்டர் பேப்பரை உள்ளே விரித்து, பழைய அரிசியோ கொண்டைக்கடலையோ விளிம்புவரை நிரப்புங்கள். அடியில் ஒரு கைப்பிடி மட்டும் போட்டுவிட்டு ஓரம் சரிகிறது என்று வருத்தப்படுகிறார்கள். ஓரத்தைத் தாங்குவதே அந்தக் கடலைதான். 200 டிகிரியில், 20 நிமிடம் நன்றாகச் சூடேறிய ஓவனில், கீழ்த்தட்டில் 20 நிமிடம். பிறகு பேப்பரோடு கடலையை எடுத்துவிட்டு இன்னொரு 10 நிமிடம், அடி காய்ந்து லேசாகப் பொன்னிறம் ஆகும்வரை. கைப்பிடி இல்லாத சின்ன தோசைக்கல் உங்கள் ஓவனில் நுழையுமானால், அதைச் சூடேற்றி அதன்மேல் தட்டை வையுங்கள். அடி நிச்சயம் வேகும். கடலையை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த பைக்கு வைத்துக்கொள்ளலாம், குழம்புக்கு ஆகாது.

பரங்கிக்காய் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவியில் வேகவைத்து மசித்த பிறகு, வாணலியில் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை கிளறுங்கள். அமெரிக்காவில் டின்னில் வரும் விழுது கெட்டியாக இருக்கும். நம் பரங்கி அப்படியில்லை. பூரணம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அதை ஊற்றியபின் 180 டிகிரி போதும்.

நெய்யில் தண்ணீர் கிடையாது, ஆகவே ஆவியும் கிடையாது. 100 கிராம் நெய்யில் செய்தால் சோமாசி மேல்மாவு போல மணல்மணலாக உதிரும். ருசி உண்டு, ஏடு பிரியாது. டால்டா வகை வனஸ்பதி வெண்ணெயைவிடச் சூட்டைக் கொஞ்சம் தாங்கும். அமெரிக்காவிலேயே 1911-ல் க்ரிஸ்கோ வந்த பிறகு பல வீடுகளில் பைக்கு அதுதான். 2022 முதல் இந்தியாவில் இவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் நாக்கில் வழுவழுவென்று ஒட்டுமே தவிர ருசி இல்லை. என் ஓட்டு வெண்ணெய்க்குத்தான். வெயில் காலத்தில் வேண்டுமானால் கால் பங்கு வனஸ்பதி கலந்துகொள்ளுங்கள்.

செய்கிறபோது இரண்டு தட்டுக்குச் சேர்த்தே மாவு கலந்துவிடுங்கள். இறுகச் சுற்றினால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். எடுக்கும்போது முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெளியே வைத்து இளக்காதீர்கள்.