குளம் சேரும் வரை குஞ்சு உயிரோடு இருக்கட்டும்



விரால் பிடிக்கத் தூண்டில் போடும் பையன்களை நம் வாய்க்கால் கரையில் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் சாயங்காலமே பொடி மீனை அள்ளிக் குடத்தில் போட்டு வைப்பார்கள். துள்ளுகிற இரை என்றால்தான் விரால் பாய்ந்து பிடிக்கும். ஆனால் விடிந்து பார்த்தால் பாதிப் பொடி வயிறு மேலாக மிதக்கும். "குடம் நிறையத் தண்ணி ஊத்தி வச்சேனே, எப்படிச் செத்துச்சு?" என்று பையன் தலையைச் சொறிவான்.

குளம் குத்தகைக்கு எடுத்த முதல் வருஷம் அதே கேள்வியை எங்கள் குழுவும் கேட்டது. பையனுக்கு நஷ்டம் ஒரு நாள் தூண்டில்தான். எங்களுக்கு நஷ்டம் கடன் வாங்கிய பணம்.

நாங்கள் செய்த தவறு

கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைச் சாயங்காலம் வாங்கி வந்தோம். இருட்டிவிட்டதால் காலையில் விடலாம் என்று ஒரு உறுப்பினர் வீட்டுக் கொல்லையில் பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி வைத்தோம். தண்ணீர் போதவில்லை என்று பஞ்சாயத்துக் குழாயில் பிடித்து ஊற்றினோம். "பாவம், பசியோட கிடக்குமே" என்று தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தூவினோம். பூனைக்குப் பயந்து டிரம்மை இறுக்க மூடினோம்.

காலையில் மூடியைத் திறந்தால் பாதிக்கு மேல் போச்சு. குஞ்சு செத்தாலும் தவணை சாகவில்லை. அந்த வருஷம் தவணையைக் கூலி வேலைப் பணத்தில் கட்டினோம்.

நாங்கள் அக்கறையாகச் செய்த ஒவ்வொன்றும்தான் குஞ்சுகளைக் கொன்றது என்று பிறகுதான் தெரிந்தது.

ஏன் செத்தது?

1. காற்று போதவில்லை. மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செவுளால் எடுத்துச் சுவாசிக்கிறது. அந்தக் காற்று தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான் உள்ளே இறங்கும். குடத்தின் வாய் குறுகல். அதனால் ஆழம் இருந்தும் பயனில்லை. அதே தண்ணீரை அகலமான அன்னக்கூடையில் ஊற்றினால் அதிகக் காற்று இறங்கும். மூடி போட்டால் அதுவும் நின்றுபோகும்.

2. வெயில். சூடான தண்ணீரில் காற்று குறைவாகவே கரையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு நிற்கும். 30 டிகிரியில் சுமார் 7½ தான் நிற்கும். சூட்டில் மீன் மூச்சு வாங்குவதோ அதிகம். வரவு குறைந்து செலவு கூடினால் நம் குடும்பம் படும் பாடுதான் மீனுக்கும்.

3. சொந்தக் கழிவு. தின்ற மீன் கழிவு போடும். கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அம்மோனியா உண்டாகும், இருக்கிற காற்றும் தீரும். குளத்தில் அது பரவிப் போய்விடும். டிரம்மில் போக இடமில்லை.

4. குழாய்த் தண்ணீர். மேல்நிலைத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும்.

அந்தக் காலத்தில் எப்படி?

இந்த மூன்று கெண்டைகளும் முதலில் கங்கைப் பக்கத்து மீன்கள். வங்காளத்தில் ஆற்றில் அள்ளிய குஞ்சுகளை மண்பானைகளில் ரயிலேற்றி வெளியூர்களுக்குக் கொண்டுபோவார்கள். கூடப் போகிறவர் வழியெல்லாம் கையால் தண்ணீரை அலசிக்கொண்டே இருப்பார். காற்று கலக்கட்டும் என்றுதான்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைப்பதில் வெற்றி கண்டார். அதன் பிறகுதான் பண்ணைகளிலேயே குஞ்சு உற்பத்தி பெருகியது. அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

இப்போது நாங்கள் செய்வது

* மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். சில வருஷம் தள்ளிப் போகும். தேதியை நம்பாமல், காவிரித் தண்ணீர் வந்து குளம் நிறைந்த பிறகே குஞ்சுக்குச் சொல்கிறோம். குளம் தயாராகாமல் குஞ்சு வாங்குவதில்லை.

* ஏக்கருக்கு 2000 முதல் 2500 விரலளவுக் குஞ்சுகள் போதும். கூட விட்டால் கூட லாபம் என்பது தப்புக் கணக்கு.

* பயணத்துக்கு முன் ஒரு நாள் குஞ்சுகளுக்குத் தீனி போடாமல் வைக்கும்படி பண்ணையில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு சேராது. ஒரு நாள் பட்டினியால் குஞ்சு சாகாது.

* டிரம் வேண்டாம். பாலிதீன் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்துக் கட்டித் தருவார்கள். எத்தனை மணி நேரப் பயணம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். தூரம் கூடினாலும், குஞ்சு பெரிதானாலும் பைக்கு எண்ணிக்கை குறைய வேண்டும்.

* விடியற்காலையில் ஏற்றுகிறோம். பைகளை அட்டைப் பெட்டியில் வைத்து மேலே ஈரச் சாக்கு போடுகிறோம். வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்துவதில்லை.

* தவிர்க்க முடியாமல் இரவு வைக்க வேண்டி வந்தால், நிழலில் அகலமான தொட்டியில் குளத்துத் தண்ணீர் ஊற்றி, வலை போட்டு மூடி, முறை வைத்து விழித்திருந்து செம்பால் மோந்து மோந்து ஊற்றுகிறோம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்றுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். பசி என்று நினைத்துத் தீனி போடாதீர்கள்!

குளத்தில் விடும்போது

வந்த வேகத்தில் பையை அவிழ்த்துக் கொட்டாதீர்கள். பைத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்காது. கட்டிய பையை அப்படியே 15 முதல் 20 நிமிஷம் குளத்தில் மிதக்க விடுங்கள். பிறகு அவிழ்த்து, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேருங்கள். கடைசியில் பையைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தால் குஞ்சு தானே நீந்திப் போகும்.

பொழுது விடிவதற்கு முன் குளத்தில் காற்று மிகக் குறைவு. நடுப்பகலில் சூடு. ஆகவே காலை 7 மணிக்கு மேல் வெயில் ஏறுவதற்குள், அல்லது மாலையில் விடுங்கள்.

ஒரு நூறு குஞ்சை மட்டும் எண்ணி, கொசுவலையில் தைத்த பெட்டியில் போட்டுக் குளத்திலேயே கட்டி வையுங்கள். இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள். குளத்துக் குஞ்சில் எத்தனை பிழைத்திருக்கும் என்று அதிலிருந்து தெரியும். அதைக் குழுப் பதிவேட்டில் எழுதுங்கள். நல்லபடி வந்தால் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இருக்கும்.

இன்னொன்று. கோடையில் குளம் வற்றும்போதே விராலையும் கெளுத்தியையும் வலை போட்டுப் பிடித்துவிடுங்கள். அவை உள்ளே இருந்தால் நாம் காப்பாற்றிக் கொண்டுவந்த குஞ்சும் அந்தப் பையன் குடத்துப் பொடி மாதிரி இரையாகிவிடும். பிடித்த விராலை உயிரோடு விற்றால் நல்ல விலை. விரால் மேலே வந்து நேரடியாகவும் காற்றை இழுக்கும் மீன். கொஞ்சம் தண்ணீரில் வைத்தாலே தாங்கும். ஆனால் துள்ளி வெளியே விழும், வலை கட்டி வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குளத்துக்கு எத்தனை குஞ்சு தேவை? ஏக்கர் கணக்கில் போட்டுப் பாருங்கள்.
2. குஞ்சு வரும் நாளில் வண்டியோடு போவது யார்? குளத்தங்கரையில் தயாராக நிற்பது யார்?
3. கொசுவலைப் பெட்டியை யார் தைப்பது?

சகோதரிகளே, அறுவடை அன்று வலையில் வரும் எடை, குஞ்சு பையில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது. அந்தச் சில மணி நேரம் கவனமாக இருப்போம். கடனையும் அடைப்போம், கையிலும் நாலு காசு பார்ப்போம்.