உடைப்பதற்கென்று ஒரு கணினி

சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டக் குடும்பங்களிலிருந்து கணினி அறிவியல் படிக்கப் போகும் பிள்ளைகள் இரண்டு திசையில் பிரிகிறார்கள். சிலர் பைனாவில் இருக்கும் இடுக்கி அரசு பொறியியல் கல்லூரிக்கு, சிலர் கம்பம்மெட்டு இறங்கி தேனி, போடி பக்கத்துக் கல்லூரிகளுக்கு. எங்கே போனாலும் மூன்றாம் ஆண்டில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை நானே எழுதிப் பார்க்க ஆசை. சொந்த லேப்டாப் இல்லை. காலேஜ் லேப்பில் செய்தால் விடுவார்களா? மெஷின் கெட்டுப்போனால் என் தலையில்தானே விழும்?"

செய்யலாம், லேப்பே போதும். அந்தப் பொதுக் கணினிக்குள் உங்களுக்கு மட்டுமான இன்னொரு கணினியை உருவாக்கி, உடைப்பதையெல்லாம் அதற்குள் உடைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற எச்சரிக்கைகளில் பாதி தேவைப்படாது.

இதற்கு நல்ல சான்று கேரளத்திலேயே இருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி.யில் உருவான எக்ஸ்போஸ் என்னும் பாடத்திட்டத்தில் மாணவர் ஓர் இயங்குதளத்தை முதல் வரியிலிருந்து தானே எழுதுகிறார். அது ஓடுவது எக்ஸ்எஸ்எம் என்ற போலிக் கணினியில். அந்தக் கணினி, லினக்ஸில் சாதாரணப் பயனராக ஓட்டக்கூடிய ஒரு நிரல், அவ்வளவுதான். அதன் வன்தட்டு உங்கள் ஹோம் டைரக்டரியில் கிடக்கும் ஒரே ஒரு கோப்பு. பூட் லோடரில் தொடங்கி, பேஜிங், ப்ராசஸ் மாற்றம், செமாஃபோர், ஃபைல் சிஸ்டம் என்று படிப்படியாக ஏறிப்போகலாம். நீங்கள் எழுதிய இன்டரப்ட் ரொட்டீன் தவறாக இருந்தால் அந்தப் போலிக் கணினி நின்றுவிடும், பிழைச் செய்தி வரும், மறுபடி டெர்மினலுக்குத் திரும்பிவிடுவீர்கள். பக்கத்து இருக்கையில் ஜாவா ரெக்கார்டு எழுதிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. பாடக்குறிப்புகள் எல்லாம் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. பழைய லேப் கணினியிலும் ஓடும்.

உண்மையான சிப்புக்கு நெருக்கமாகப் போக விரும்புகிறவர்கள் எம்.ஐ.டி.யின் எக்ஸ்வி6 எடுத்துக்கொள்ளலாம். 2006-இல் வகுப்பறைக்காக எழுதப்பட்ட சிறிய யுனிக்ஸ் அது. இப்போது ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாற்றி எழுதப்பட்டு க்யூஎமு என்ற எமுலேட்டரில் ஓடுகிறது. க்யூஎமுவை ஓட்ட ரூட் அனுமதி வேண்டியதில்லை. நிறுவப்படவில்லை என்றால் மூல நிரலை இறக்கி ஹோம் டைரக்டரிக்குள்ளேயே கம்பைல் செய்துகொள்ளலாம். முழு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை நல்ல வேகத்தில் ஓட்டத்தான் கேவிஎம் வசதி தேவைப்படும். அதற்கு பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும், உங்கள் கணக்குக்கு அனுமதியும் வேண்டும். இரண்டையும் லேப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பயாஸுக்குள் நீங்களே போகாதீர்கள்.

கேட்பது என்றதும் பல பிள்ளைகள் துறைத் தலைவரிடம் போய் நிற்கிறார்கள். முதலில் பேச வேண்டியது லேப் அசிஸ்டென்டிடம். எந்தக் கணினியில் நினைவகம் அதிகம், எது அடிக்கடி ஹேங் ஆகும், சாயங்காலம் எந்த பேட்ச் வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என்ன ஓட்டப்போகிறீர்கள், எவ்வளவு இடம் பிடிக்கும், எத்தனை மணிக்கு, தவறிப்போனால் எப்படி நிறுத்துவது. கடைசி வரிதான் முக்கியம். எப்படி நிறுத்துவது என்று எழுதிக் கொடுக்கும் மாணவரை நம்பிச் சாவியைத் தரலாம் என்பது என் எண்ணம்.

அப்படியே அவரிடம் இன்னொன்றையும் விசாரியுங்கள்: மறுதொடக்கம் செய்ததும் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் ஏதாவது போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால், நேற்று இரவு வரை எழுதியது இன்று காலை இருக்காது. கோப்புகள் சர்வரில் சேமிக்கப்படுகின்றனவா, அந்தக் கணினியிலேயேவா, கோட்டா எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். டெம்ப் டைரக்டரியை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

வன்தட்டு விஷயத்தில் ஒரே விதி: சோதனை எதுவானாலும் இமேஜ் கோப்பின் மேல், ஒருபோதும் நிஜச் சாதனத்தின் மேல் இல்லை. டிடி கட்டளையில் ஓர் எழுத்து மாறினால் மொத்த லேப் பார்ட்டிஷனும் போய்விடும். லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இது போன்றது நடந்திருக்கிறது. 1991-இல் பல்கலைக்கழகக் கணினியை மோடம் வழியாக அழைக்கப்போய், டயல் செய்யும் கட்டளைகளைத் தவறுதலாகத் தன் வன்தட்டுக்கே அனுப்பிவிட்டார், மினிக்ஸ் பார்ட்டிஷன் அழிந்தது. அது அவருடைய சொந்தக் கணினி. லேப்பில் அழிவது அறுபது பேருடைய வேலையாக இருக்கக்கூடும். எக்ஸ்போஸில் போலி வன்தட்டை ஃபார்மேட் செய்யும் கட்டளைக்கும் எஃப்டிஸ்க் என்றே பெயர். நிஜ லினக்ஸ் கட்டளைக்கும் அதே பெயர். எந்தச் சாளரத்தில் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். சுடோ அனுமதி தருகிறோம் என்று யாராவது சொன்னாலும், தேவைப்படும்வரை வாங்கிக்கொள்ளாதீர்கள். அது இல்லாதவரை இந்த வகைத் தவறு பெரும்பாலும் உங்கள் கோப்புகளோடு நின்றுவிடும்.

ப்ராசஸ்கள் அடுத்து. ஃபோர்க் பாடம் நடக்கும் வாரத்தில் பொது சர்வர் திணறுவது எல்லாக் கல்லூரியிலும் உண்டு. லூப்புக்குள் ஃபோர்க் போட்டு, சைல்டு ப்ராசஸ் வெளியேற மறந்தால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நொடிகளில் யாராலும் லாகின் கூடச் செய்ய முடியாது. வேலையைத் தொடங்கும் முன் யூலிமிட் கட்டளையால் உங்கள் ப்ராசஸ் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள். நினைவகத்துக்கும் அப்படியே. நீண்ட நேரம் ஓடும் நிரலை டைம்அவுட் போட்டு, நைஸ் மதிப்பை உயர்த்தி ஓட்டுங்கள். அப்போது மற்றவர் வேலை முந்திக்கொள்ளும், உங்களுடையது மிச்ச நேரத்தில் ஓடும்.

ஆனால் எனக்கு உண்மையான கவலை நெட்வொர்க்தான். வன்தட்டுப் பிழை ஒரு கணினியோடு நிற்கும், நெட்வொர்க் பிழை சுவரைத் தாண்டும். விர்ச்சுவல் மெஷினை பிரிட்ஜ் முறையில் இணைத்து, பாடத்துக்காக எழுதிய டிஹெச்சிபி சர்வரை அதற்குள் ஓட்டினால், லேப்பில் புதிதாக ஆன் ஆகும் கணினிகள் உங்கள் சர்வரிடமிருந்து தவறான முகவரியை வாங்கிக்கொண்டு இணையம் இல்லாமல் நிற்கும். காரணத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போகலாம். பிரிட்ஜ் வேண்டாம், க்யூஎமுவின் யூசர் மோட் இணைப்பு போதும். பல கணினிகள் பேசிக்கொள்ளும் சோதனை என்றால், அவை அனைத்தையும் ஒரே விர்ச்சுவல் மெஷினுக்குள் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களாக வையுங்கள். வயர்ஷார்க்கையும் அதற்குள்ளேயே ஓட்டுங்கள். மற்றவர் போக்குவரத்தை எட்டிப் பார்ப்பதற்கு, படிப்புக்காக என்றாலும், உங்களுக்கு உரிமை இல்லை.

சுவரைத் தாண்டிய பிழைக்குப் பழைய உதாரணம் ஒன்று: 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தானாகப் பரவும் ஒரு நிரலை எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து இணையத்தில் விட்டார். ஏற்கெனவே ஒரு பிரதி ஓடிக்கொண்டிருந்தால் புதியது விலக வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் யாராவது பொய்ப் பதில் சொல்லித் தடுத்துவிடுவார்களோ என்று, ஏழில் ஒரு முறை எப்படியும் தங்கிவிடும்படி வைத்தார். அந்த ஒரு எண் போதும். பிரதிகள் குவிந்து, அன்றிருந்த சுமார் 60,000 இணையக் கணினிகளில் ஏறத்தாழ 6,000 திணறின. 1990-இல் அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. பிறகு அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். மேலே சொன்ன எக்ஸ்வி6 எழுதியவர்களில் ஒருவர் அவர்தான். இந்தியாவில் இத்தகைய செயல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளுக்குள் வரும். அனுமதியின்றி நுழைவதும் சேவையை முடக்குவதும் அதில் உண்டு, மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பரவும் நிரல் எழுதிப் பார்க்க ஆசை வரும், அதை மூடிய நேம்ஸ்பேஸுக்குள் எழுதுங்கள், அங்கே அது அருமையான பாடம்.

என்ன ப்ராஜெக்ட் செய்வது என்று தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஏலக்காய் விலை புற்றடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையங்களில் கணினி வழியாகத்தான் முடிவாகிறது. இரண்டு வியாபாரிகள் ஒரே கணத்தில் விலை கேட்டால் எதை முதலில் ஏற்பது? ஏலம் முடியும் நொடியில் ஒரு டெர்மினல் துண்டிக்கப்பட்டால்? வீட்டில் அப்பாவும் அம்மாவும் காத்திருக்கும் விலைக்குப் பின்னால் செமாஃபோரும் லாக்கும் எங்கே தேவைப்படும் என்று யோசித்து, சிறிய மாதிரி ஒன்றை எழுதிப் பாருங்கள். புத்தகத்தில் வரும் உணவு மேசைத் தத்துவஞானிகளைவிட இது நம் பிள்ளைகளுக்கு வேகமாகப் புரியும்.

வேகம் அளக்கும் ப்ராஜெக்ட் என்றால், பொதுக் கணினியில் ஒரு முறை ஓட்டிக் கிடைத்த எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் கம்பைல் செய்தாலே அது மாறும். காலை, மாலை என்று வெவ்வேறு நேரத்தில் பல முறை ஓட்டி, நடு மதிப்பை எடுங்கள். எவ்வளவு சிதறியது என்பதையும் கணினியின் விவரத்தையும் கெர்னல் பதிப்பையும் சேர்த்து எழுதுங்கள். வைவாவில் முதல் கேள்வி அங்கேதான் வரும்.

ஜூன், ஜூலை மழையில் மலையில் கரன்ட் போவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப் யுபிஎஸ் கணினியை ஒழுங்காக அணைப்பதற்கான நேரம்தான் தரும். ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் கிட்டில் கமிட் செய்து, எழுந்து போகும் முன் வெளி ரெப்பாசிட்டரிக்கு அனுப்பிவிடுங்கள். வன்தட்டு இமேஜை அதில் போடாதீர்கள், இடத்தைத் தின்னும். அதை உருவாக்கும் ஸ்கிரிப்டை மட்டும் போட்டால், எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது கைமீறினால், முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், என்ன நடந்தது என்ற தடயம் அழிந்துவிடும். கடைசியாகக் கொடுத்த கட்டளையையும் நேரத்தையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அதே நிமிடம் லேப் அசிஸ்டென்டிடம் போய்ச் சொல்லுங்கள். அடுத்த பேட்ச் உள்ளே வந்து உட்காரும் முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.